பத்து நிமிச அண்ணை

ரயில் தவறினால்தான் நகரம் முன்னேறும் என்று சொல்லி நகரசபைத் தேர்தலில் வோட்டுக் கேட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிய, ஒல்டனில் இருந்த எங்கள் பத்து நிமிச அண்ணைதான். சுவிஸில் இதைச் சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். இங்கே கடவுளைத் திட்டினாலும் சிரித்துக்கொண்டு போவார்கள். ரயில் நேரத்தில் கை வைத்தால் முகம் கறுத்துவிடும்.

சொந்தப் பேரை அவரே மறந்திருப்பார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அது முடிந்தால் நேரே ஸ்டேஷன். ரயில் மாற ஓடுகிற சனத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"பார் தம்பி, நாலு பக்கத்துச் சனமும் இங்கைதான் வருகுது. ஒருத்தரும் ஊருக்குள்ளை வாறேல்லை. பத்து நிமிசம், பத்தே பத்து நிமிசம் நிண்டு ஒரு ரோல்ஸ் சாப்பிட்டால் எங்கட ஊர் எங்கையோ போயிடும்."

"ஒரு ரோல்ஸாலை எப்பிடி அண்ணை?"

"ரோல்ஸுக்குக் கடை. கடைக்கு ஆள். ஆளுக்கு வீடு. வீடு கட்டக் கிரேன். விளங்குதோ?"

இதுதான் அவருடைய முழுப் பொருளாதாரம். ஒரு கட்சி இதைக் கேட்டும் பயப்படாமல் தன் வேட்பாளர் பட்டியலின் கடைசியில் அவரைப் போட்டது.

அடுத்த நாளே ஒரு தட்டு ரோல்ஸோடு ரயில் மேடையில் நின்றார். ஓடிவந்த ஒரு சுவிஸ் மனுசி ஒன்றை வாங்கிக் கடித்தா, உறைப்பில் நின்றா, ரயில் போய்விட்டது. நல்லாய் ஏசினா.

"அண்ணை, ஏசிப்போட்டுப் போறா!"

"ஏசினாலும் நிண்டவ தானே!"

வேட்பாளர் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "அப்போ ரயிலைப் பிந்த வைக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். அண்ணை தன் சமையலறை ஜெர்மனில் நிதானமாகச் சொன்னார்: "ரயில் சரியான நேரத்துக்குப் போகட்டும். சனத்துக்குப் போக மனம் வரக்கூடாது. அப்பிடி ஒரு ஊர் கட்டுவம்." மண்டபம் சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது நான்தான். அன்றைக்கு ஊரைப் பற்றிக் கதைத்த ஒரே ஆள் அவர் என்று இப்போதுதான் உறைக்கிறது.

வோட்டுச் சீட்டு வீட்டுக்குத் தபாலில் வந்த அன்றே அண்ணை போன் எடுத்தார். "தம்பி, வோட்டைக் கவரிலை போட்டு இண்டைக்கே அனுப்பிவிடு. கையெழுத்தை மறந்திடாதை."

"தபாலிலையோ? உங்களுக்கு நான் நேரிலை போய்ப் போடுவன் அண்ணை. அதுதான் மரியாதை."

ஊரே தபாலில் போடும்போது எனக்கு மட்டும் மரியாதை! ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். ஸ்டேஷனடியில், பக்கத்துத் திரிம்பாக் கோயிலுக்குப் போக வந்த பழைய சிநேகிதன். ஒரு கோப்பி, இரண்டு கதை. போய்ச் சேர்ந்தபோது வோட்டுப் பெட்டியை மூடிவிட்டார்கள். வாசலில் நின்ற பெண் மணிக்கூட்டைக் காட்டி மிக மரியாதையாகச் சொன்னா: "பத்து நிமிடம் பிந்திவிட்டீர்கள்."

ஒரு வோட்டால் தோற்றார் என்று எழுதினால் கதைக்கு நல்லாயிருக்கும். இல்லை, கனக்க வோட்டால்தான் தோற்றார். பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"எங்கட ஆக்களே கனபேர் போடேல்லை போல. அது பரவாயில்லை. நீ போட்டனி தானே?"

"ஓம் அண்ணை."

பிறகு அண்ணை பென்சன் எடுத்துக்கொண்டு லோசானில் மகளோடு போய் இருந்துவிட்டார். சூரிச்சுக்குப் போகும்போது இங்கே ரயில் மாறுவார். உடனே போன் வரும்: "ஏழாம் மேடையிலை நிக்கிறன். பத்து நிமிசம் இருக்கு. வாறியோ?"

போன மாதமும் வந்தது. இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று ரோல்ஸும் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஸ்டேஷனுக்கு அங்கால் நின்ற கிரேனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

"எனக்கு வோட்டுப் போட்ட ஆளைக் கண்டாச்சு. இனிச் சந்தோசமாய்ப் போவன்," என்று என் தோளில் தட்டினார்.

ரயில் வந்து நின்றது. பையைத் தூக்கினார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இந்த ரயிலை விடுங்கோ அண்ணை" என்றுதான் வந்தது.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, மேடை வாங்கில் எனக்கும் இடம் விட்டு அரக்கி இருந்தார்.