ஜன்னலோர நாற்காலியும் மூன்று தொட்டிகளும்

நாற்காலி இருந்த இடத்தில் மூன்று தொட்டிகள் நின்றன. பச்சை, மஞ்சள், சிவப்பு. நாற்காலி குளியலறை வாசலுக்குத் தள்ளப்பட்டிருந்தது.

"இவளே, என் எடம் எங்க?"

"ஈரக் குப்பை, காஞ்ச குப்பை, ஆபத்தான குப்பை. மூணையும் பிரிச்சு வைக்கணுமாம். வேற எடமில்லீங்க" என்றாள் சம்சாரம்.

காவல்காரர் நாற்பது வருஷம் ராக்காவல் பார்த்தவர். வேலை போனாலும் தூக்கம் பகலை விட்டு நகரவில்லை. அதுவும் அந்த ஜன்னலோரத்தில்தான் வரும். நீலத் திரை வழியே வெயில் வடிந்து வந்தால் அறையே குளத்தடி மாதிரி ஆகிவிடும். நாற்காலியில் சாய்ந்த மாத்திரத்தில் அவர் மீனாகிவிடுவார். சுவரோரமாக, அலமாரிக்கு மேலே, மெல்ல மெல்ல நீந்துவார்.

குளியலறை வாசலில் எந்த மீன் நீந்தும்? மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை.

"நீ இங்க பிரிப்பே. குப்பை வண்டிக்காரன் அங்க கொண்டுபோய் ஒண்ணாக் கொட்டுவான். சுத்த ஏமாத்து வேலை!"

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்க வேற செய்யணுமா?" தன் நிழலையே நிறுத்தி விசாரிக்கிற மனுஷர் அவர்.

"கலக்கறதை நிரூபிச்சுக் காட்டுங்க, தொட்டியத் தூக்கிடறேன். இல்லேன்னா ஆயுசுக்கும் நீங்கதான் பிரிக்கணும்."

"பேச்சு மாறக் கூடாது."

மறுநாள் காலை தன் வீட்டுக் குப்பைப் பைகளுக்கு அடையாளம் தேடினார். கைக்குச் சிக்கியது திரைதான். அடியில் ஒரு கீற்று வெட்டினார். திரை கோணிக்கொண்டது. நேராக்க இன்னொரு கீற்று வெட்டினார். மறுபக்கம் கோணியது. மூன்றாவது வெட்டில் திரை அரைக்கால் சட்டையாகிவிட்டது. போகட்டும், மூன்று பைக்கு மூன்று துண்டு சரியாகப் போயிற்று. பைகளின் கழுத்தில் இறுக்கிக் கட்டினார்.

"என்னங்க இது, திரை இப்படி இருக்கு?"

"எலி."

"எலி இவ்வளவு நேராவா கடிக்கும்?"

"படிச்ச எலி போல."

சம்சாரம் எலிப்பொறியை எடுத்து வந்து நாற்காலி மேலேயே வைத்தாள். "அங்கதான் யாரும் தூங்கறதில்லையே."

வாசலில் குப்பை வண்டியின் மணி கேட்டது. காவல்காரர் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார். பாதித் தெரு தாண்டித்தான் தெரிந்தது, ஒரு காலில் அவருடையது, மறு காலில் அவளுடையது.

தூங்காத கண்ணுக்குத் தெருவே தண்ணீருக்குள் கிடந்தது. வீடுகள் பாசிபோல் அசைந்தன. கொடியில் காய்ந்த சட்டைகள் கைவீசி நீந்தின. மணி எங்கோ மேலே, குளத்தின் மறுகரையில் அடித்தது. வண்டிக்குள் மூன்று நீலக் கழுத்துப் பறவைகள் ஆடி ஆடிப் போக, அவர் அவற்றின் பின்னாலேயே மிதந்து போனார். அலுப்பே தெரியவில்லை.

குப்பைக் கிடங்கில் வண்டி நின்றது. கையுறை போட்ட ஒரு பெண் பைகளை இறக்கினாள். மற்ற பைகள் எங்கெங்கே போயின என்று அவர் பார்க்கவில்லை. கண் நீலத்திலேயே ஒட்டியிருந்தது. நீலத்துணியைக் கண்டதும் அவள் உச்சுக் கொட்டினாள். ஓரமாக நின்ற ஒரு பழைய லாரிக்குள் மூன்றையும் ஒன்றாக வீசினாள்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! காவல்காரர் போனை எடுத்தார். வாழ்நாளில் ஒரு திருடனைக்கூடப் பிடித்ததில்லை.

"இவளே! மூணையும் ஒரே லாரியில போட்டுட்டாங்க! என் கண்ணாலே பார்த்தேன். தொட்டியைத் தூக்கு, நாற்காலியைப் போடு!"

"நெசமாவா? பக்கத்துல யாராவது இருந்தா போனைக் குடுங்க."

அவர் கண்ணை மூடி நின்றார். நீல வெளிச்சம் கணுக்கால் வரை வந்துவிட்டது. போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

அவள் கையுறையைக் கழற்றி வாங்கினாள். "ஆமாம்மா, நீலத்துணி கட்டினது பிரிக்காத குப்பை, அது நாங்க வச்ச அடையாளம்; மூணு நாளா எல்லாரும் ஒழுங்காப் பிரிச்சதுல சும்மாக் கெடந்த லாரியை, இன்னைக்கு இந்த மூணு பைக்காகத்தான் வெளிய எடுத்தோம்."