முப்பதாவது ஆள்

“அப்ப எனக்குச் சீக்குங்கிறீங்களா?”

“நான் சொல்லலைங்க. மெஷின் சொல்லுது.”

வீரையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி மெஷினைப் பார்த்தார். நிலத்துக்காரர் கூட்டிவந்த சாட்சியைப் போல அது அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றது.

தஞ்சாவூரில் ஏதோ ஆராய்ச்சிக்காகத் திடமான முப்பது பேரிடம் ரத்தம் எடுக்கிறார்கள், கொடுத்தவருக்கு ‘ஆரோக்கியமானவர்’ என்று சர்டிபிகேட் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திருத்துறைப்பூண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். மற்றவர்கள் முந்தின நாட்களிலேயே கொடுத்துவிட்டார்கள்; முப்பதாவது ஆள் அவர்தான். ‘வீரையன் நோயாளி, உடலுழைப்பால் பயிரிடுவதில்லை, குத்தகையை ரத்து செய்க’ என்று நிலத்துக்காரர் போட்ட வழக்கு இன்று மூன்று மணிக்கு, இதே ஊர்க் கோர்ட்டில். சர்டிபிகேட் இல்லையென்றால் மூன்று மா நிலமும் போய்விடும்.

“ரத்தத்துல தட்டணுன்னு ஒண்ணு இருக்கு. காயத்தை அடைக்கிறது அதுதான்,” என்றார் லேப் நடராசன். “அது மேல கை மாதிரி புரதம் இருக்கும். எல்லாருக்கும் அது கொஞ்சம் உதிரும். நோய் வந்தா அளவு மாறும். மத்த இருபத்தொன்பது பேருக்கும் எண்பதுக்கு மேல உதிருது. உங்களுக்குப் பன்னெண்டு.”

“கம்மியா உதிர்ந்தா நல்லதுதானே சார்?”

“இருபத்தொன்பது பேரு ஒரு பக்கம் நிக்கிறாங்களே!”

“இது என்ன எலெக்சனா?”

நடராசன் தலையைச் சொறிந்தார். “தட்டணு பயந்த சுபாவம். குலுக்கினாலும் சூடுபட்டாலும் குளிர்பட்டாலும் கணக்கு மாறிடும். பஸ்ஸுல குலுங்கி வந்திருக்கீங்க. கொஞ்சம் படுங்க.”

ஒரு மணி நேரம் படுக்கவைத்து மறுபடி குத்தினார். வழக்கம்போலக் குழாயை மேஜையில் வைத்துவிட்டு டீக்குப் போய்வந்து சோதித்தார். பதினொன்று.

நாலு இட்லி வாங்கிக் கொடுத்து மறுபடி குத்தினார். ஒன்பது.

“காலைத் தூக்குங்கண்ணே,” என்று பெருக்க வந்த அம்சம் அலுத்துக்கொண்டாள். “ரிப்பேருன்னு காலையிலேயே பிரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. என் மோரு புளிச்சு நாறுது.”

வீரையனுக்கு ரோஷம் வந்தது. “நானா நோஞ்சான்?” என்று இரும்பு மேஜையை ஒரே ஆளாகத் தூக்கினார். அது கால் கட்டைவிரலில் இறங்கியது. ரத்தம் பீறிட்டு, அழுத்திப் பிடித்ததும் நின்றுவிட்டது.

“பாருங்க சார்! அடைச்சிடுச்சு!”

“அது காயம். ரிப்போர்ட் வேறங்க.”

இரண்டரை மணிக்குக் காகிதம் கைக்கு வந்தது. ‘ஆரோக்கியமானவர் என்று சொல்ல இயலாது.’ நிலத்துக்காரர் பத்து வருஷமாகத் தேடியும் கிடைக்காத அத்தாட்சி. அதைத் தன் கைக்காசில் பஸ் ஏறிவந்து, மூன்று தடவை குத்துப்பட்டுத் தானே வாங்கியாகிவிட்டது.

நொண்டியபடி படி இறங்கினார். பின்னாலேயே விளக்குமாற்றுடன் ஓடிவந்த அம்சம் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, சாரு டீக்குப் போனதும், கெட்டுடக்கூடாதேன்னு அந்த இருபத்தொன்பது பேரு ரத்தத்தையும் நான்தான் பிரிட்ஜுல தூக்கி வெச்சு, அவரு வர்றதுக்குள்ள எடுத்து வெச்சேன், உங்களுதைத்தான் வைக்க முடியலை, எம் பொழப்பு போயிடும், சாருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே!”