சும்மா இருக்கும் போனைச் சும்மா விடாதவர்

"என் கை பட்ட போனுக்குப் பகல்ல சார்ஜர்ங்கற பேச்சே கிடையாது. காலையில ஒரு தடவை போட்டு எடுத்தா, அப்புறம் படுக்கப் போகும்போதுதான் அதுக்குச் சாப்பாடு. நடுவுல ஒரு வாய் கேட்டுச்சுன்னா என்னை ஏன்னு கேளுங்க!"

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் இப்படி முழங்கினால் உடனே உங்கள் போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். அவர்தான் போன் வைத்தியர். இந்த இனத்துக்குப் படிப்பு கிடையாது, பட்டம் கிடையாது, வாசலில் பலகையும் கிடையாது. என்றைக்கோ ஒரு நாள், யாரோ ஒருவருடைய உறைந்துபோன போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டிருப்பார். அது பிழைத்துக்கொண்டிருக்கும். "அட, சரி பண்ணிட்டீங்களே!" என்று எவரோ வாய் தவறிச் சொல்லியிருப்பார்கள். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். பிறகு அவருக்கு ஊரில் உள்ள போன்களெல்லாம் நோயாளிகளாகத்தான் தெரியும்.

உங்கள் வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றுவார், உட்காருவார், கொடுத்த தண்ணீரை வாங்கிக்கொள்வார். ஆனால் கண் மட்டும் மேசைமேல் கிடக்கும் உங்கள் போனிலேயே இருக்கும். "கொஞ்சம் குடுங்க" என்று எடுத்து, காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடுவதுபோலப் புறங்கையை அதன் முதுகில் வைத்துப் பார்ப்பார். முகம் இருண்டுபோகும்.

"சும்மா இருக்கும்போதே சுடுதே!"

அதுவரை அது சுட்டதாக உங்களுக்குத் தெரியாது. அவர் சொன்னபிறகு நீங்களும் தொட்டுப் பார்ப்பீர்கள். சுடத்தான் செய்யும்.

"பின்னாடி என்னென்ன ஓடுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

நீங்கள் திரும்பிப் பின்னால் பார்ப்பீர்கள். சுவர்தான் இருக்கும். அவர் பரிதாபமாகச் சிரித்துவிட்டு, கட்டை விரலால் ஒவ்வோர் ஆப்பாக ஈ விரட்டுவதுபோல மேலே தள்ள ஆரம்பிப்பார். பாதி எழுதி வைத்த செய்தி, வழி பார்க்கத் திறந்த வரைபடம், தியேட்டர் வாசலில் காட்டுவதற்காக எடுத்து வைத்த டிக்கெட் எல்லாம் வரிசையாகப் போய்ச் சேரும். கடைசியில் போனை உங்கள் உள்ளங்கையில் வைத்து, "இப்பப் பாருங்க, எவ்வளவு லேசாயிடுச்சு!" என்பார். நீங்களும் அதை ஏந்தி எடை பார்த்து, "ஆமாங்க, லேசாத்தான் இருக்கு" என்பீர்கள். அவருக்கு அரைப் பைத்தியம் என்றால் மீதி அரை யாருக்கு?

நம் கதைக்கு அகப்பட்ட வைத்தியர் ஒரு சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. வந்திறங்கும் பெட்டிகளையும் வண்டியேறும் பெட்டிகளையும் சரிபார்த்து முத்திரை குத்துவது அவருடைய உத்தியோகம். ஆனால் காவல்காரர் முதல் மேலாளர் வரை அங்கே அவரைக் கூப்பிடுவது "டாக்டர்" என்றுதான். அந்தப் பட்டப்பெயரில் இருக்கும் கேலி எல்லோர் காதிலும் விழுந்தது, அவர் காதைத் தவிர.

ஒரு நாள் மேலாளர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்.

"டாக்டர், காலையில என் போன்ல அலாரம் அடிக்கவே இல்லய்யா!"

"அடிக்காது சார். கடிகாரம் பின்னாடி ஓடிக்கிட்டே இருந்துச்சு. தூங்க வெச்சுட்டேன்."

"நீ அதைத் தூங்க வெச்சே, அது என்னைத் தூங்க வெச்சுடுச்சு. முதலாளி வந்து என் நாற்காலியில உக்காந்திருந்தார்யா!"

"அதை விடுங்க சார். எழுந்திரிக்கும்போது சார்ஜ் எவ்வளவு இருந்துச்சு?"

மேலாளர் யோசித்தார். "நிறையத்தான் இருந்துச்சு" என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

வைத்தியர் முத்திரையை எடுத்து அடுத்த தாளில் ஓங்கிக் குத்தினார்.

அவருடைய சொந்தப் போனை நீங்கள் பார்க்க வேண்டும். பார்க்க முடியாது என்பது வேறு விஷயம். சார்ஜை மிச்சம் பிடிக்க வெளிச்சத்தை அவ்வளவு குறைத்து வைத்திருந்தார். மணி பார்க்க வேண்டுமென்றால்கூடச் சட்டைக்குள் தலையை விட்டுத்தான் பார்ப்பார். சத்தம் கிடையாது, செய்தி வராது, கேமராவுக்கும் ஓய்வு கொடுத்தாயிற்று. அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் உறவினர்கள் அவர் மனைவிக்குத்தான் போன் செய்வார்கள்.

"மாமா, அது போன் இல்ல, கல்லு" என்பான் மனைவியின் தம்பி. அவன் பஸ் ஓட்டுநர்; லீவு கிடைத்தால் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான்.

"கல்லுதான் மாப்ள. ஆனா சார்ஜ் நிக்கிற கல்லு!"

இப்படிப்பட்டவருக்குச் சோதனை வெளியிலிருந்தா வரும்? வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

அவர் மனைவி ஒரு மழலையர் பள்ளியில் மாற்று ஆசிரியை. நிரந்தர ஆசிரியை எவருக்காவது உடம்பு சரியில்லை என்றால்தான் இவளுக்கு வேலை, வேலை இருந்தால்தான் சம்பளம். காலையில் எழுந்ததும் இன்றைக்கு யாருக்காவது காய்ச்சல் வராதா என்று ஏங்குவதும், அப்படி ஏங்கியதற்காகத் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொள்வதுமாகப் பல வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது ஒரு பெரிய பள்ளியில் நிரந்தர வேலை காலியாக இருந்தது. வெளியூரில் இருக்கும் தலைமை ஆசிரியை, சனிக்கிழமை மதியத்துக்குமேல் போனிலேயே முகம் பார்த்துப் பேசித் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த ஓர் அழைப்புக்காக அவள் வீட்டில் கிடந்த கதைப் புத்தகங்களையெல்லாம் வாய்விட்டுப் படித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

ஆனால் கொஞ்ச நாளாக அவள் போனுக்கு என்னவோ ஆகிவிட்டது. தொடாமல் அலமாரியில் வைத்தாலும் சுட்டது. காலையில் நிரப்பிய சார்ஜ், யாரும் பேசாமலே மதியத்துக்குள் பாதியாகிவிட்டது.

"கடையில காட்டிட்டு வந்துடறேங்க" என்றாள்.

"கடையா? நான் ஒருத்தன் இருக்கும்போது கடையா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"நாலு பேர் என்னத்த நினைப்பாங்க? போன் ரிப்பேருன்னு நினைப்பாங்க."

"சனிக்கிழமை காலையில என்கிட்ட குடு. அப்புறம் பேசு."

"சரி. ஆனா அந்தம்மா கூப்பிடறதுக்குள்ள என் கைக்கு வந்துடணும். இதுல மட்டும் விளையாடாதீங்க, சொல்லிட்டேன்."

சனிக்கிழமை விடிந்தது. வைத்தியர் மேசையைத் துடைத்தார், துண்டை விரித்தார், அதன்மேல் போனைக் கிடத்தினார். மைத்துனன் எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

"பிராசசர்னு ஒண்ணு இருக்கு மாப்ள. அதுதான் போனுக்கு மூளை. நாம சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கணும். இது இருக்க மாட்டேங்குது. உள்ளுக்குள்ள எதையோ போட்டுக் குமுறிக்கிட்டே இருக்கு."

"அக்கா போனாச்சே மாமா. அக்கா மாதிரிதான் இருக்கும்."

நோயாளியின் சூட்டைப் பார்க்க ஓர் ஆப்பை ஏற்றினார். மூளை எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க இன்னொன்று. அந்த இரண்டும் ஒழுங்காக நடந்துகொள்கின்றனவா என்று கண்காணிக்க மூன்றாவது. திரையின் உச்சியில் மூன்று எண்கள் ஓயாமல் துடிக்கத் தொடங்கின. போனைக் கவிழ்த்து வைத்தார். இனி யாரும் தொடக் கூடாது. அது சும்மா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எவ்வளவு நேரம் பார்ப்பது? கை துறுதுறுத்தது. எடுத்தார். திரை பளிச்சென்று விழித்தது, மூன்று ஆப்பும் அலறி எழுந்தன, எண் மளமளவென்று ஏறியது.

"பார்த்தியா! சும்மா வெச்சதுக்கே இந்தக் கூத்து!"

மறுபடி கவிழ்த்தார். மறுபடி எடுத்தார். மறுபடி ஏறியது.

"மாமா, நீங்க எடுக்காம இருந்தா அது என்ன காட்டும்?"

"எடுக்காம இருந்தா எப்படி மாப்ள தெரியும்?"

இதற்குமேல் ஒரு பஸ் ஓட்டுநர் என்னதான் கேட்பான்? அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எடுத்தும் வைத்தும் காலை முழுக்கக் கரைந்தது. கடைசியாக, வேறு வழியில்லாமல், வைத்தியர் இதுவரை எட்டிப் பார்க்காத ஓர் இடத்துக்குப் போனார். செட்டிங்ஸில் பேட்டரி என்று ஒரு பக்கம் இருக்கிறது. யார் எவ்வளவு சார்ஜைத் தின்றார்கள் என்று போன் தானாகவே அங்கே எழுதி வைத்திருக்கும். விஷயம் தெரியாதவர்கள் பார்க்கும் பக்கம் என்று அதை அவர் ஒதுக்கியே வைத்திருந்தார்.

திறந்தார். மனைவி கேட்கும் பாட்டு உச்சியில் இல்லை. அவள் தன் அக்காவோடு மணிக்கணக்கில் பேசும் பேச்சும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, மற்ற அத்தனையும் சேர்த்துத் தின்றதைவிட அதிகமாகத் தின்று கொழுத்து உட்கார்ந்திருந்தது 'போன் காவலன்'. போனை யாரும் சுரண்டாமல் ராப்பகலாகக் காப்பதாகச் சொல்லும் ஆப். கொஞ்ச நாளைக்கு முன்னால், மனைவி குளிக்கப் போயிருந்தபோது, அன்பின் மிகுதியால் அதை ஏற்றி வைத்தவர் யார்?

திருடனைத் தேடி ஊரெல்லாம் சுற்றியவன் தன் வீட்டுப் பரணில் மூட்டையைப் பார்த்ததுபோல நின்றார். சட்டென்று அந்த வரியைக் கட்டை விரலால் மூடிக்கொண்டார்.

"என்ன மாமா, கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ம்... ஒரு கிருமி."

"பேர் என்ன மாமா?"

"அதெல்லாம் சொன்னா உனக்குப் புரியாது."

காவலனை நீக்கினார். காலையில் ஏற்றிய மூன்றையும் நீக்கினார். போன் ஒரு பெருமூச்சு விட்டதுபோல அடங்கியது. சூடு மெல்ல இறங்கியது. நியாயமாகப் பார்த்தால் வைத்தியம் பலித்துவிட்டது. ஒரே ஒரு குறைதான். நாடி பார்த்துப் பார்த்தே நோயாளியின் ரத்தம் பூராவும் தீர்ந்துவிட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். போனைக் கையில் வாங்கியதும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, ஜில்லுனு இருக்குங்க! நெசமாவே சரி பண்ணிட்டீங்களா?"

அவர் மார்பு தானாக விரிந்தது. ஒரு கணம்தான்.

"என்னங்க இது, செவப்பா காட்டுது?"

"அது... குணமாகும்போது கொஞ்சம் பலவீனமாத்தான் இருக்கும்."

"பலவீனமா? அந்தம்மா கூப்பிடற நேரமாச்சு! உங்க போனைக் குடுங்க."

"கேமராவைத் தூங்க வெச்சிருக்கேன். எழுப்ப நேரமாகும்."

"டேய் தம்பி, உன்னோடது?"

"நேத்து மாமா பார்த்தாரே அக்கா. அதுலருந்து அது கண்ணைத் திறக்கல."

அவள் இரண்டு ஆண்களையும் பார்த்த பார்வையில் மேசைமேல் விரித்த துண்டே தீப்பிடித்திருக்க வேண்டும். அதற்குள் போன் மணியடித்தது. வைத்தியர் சார்ஜரை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். பக்கத்தில் இருந்த ஒரே பிளக் பாயின்ட், செருப்பு அலமாரிக்கு அடியில், தரையை ஒட்டி இருந்தது. அதுவும் தளர்ந்துபோன பிளக் பாயின்ட். சார்ஜரைச் செருகி ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்திப் பிடித்தால்தான் மின்சாரம் வந்தது. கையை எடுத்தால் போயிற்று.

ஆகவே இப்படி அமைந்தது காட்சி: செருப்பு அலமாரியின் மேல் மைத்துனனின் ஷூவில் சாய்ந்து நிற்கிறது போன். எதிரே முக்காலியில், உலகமே அமைதியாக இருப்பதுபோன்ற முகத்தோடு மனைவி. கேமராவுக்குத் தெரியாமல் கீழே, தரையில் கன்னம் பதிய, ஒரு கையை அலமாரிக்கு அடியில் விட்டுக்கொண்டு குப்புறக் கிடக்கிறார் நம் வைத்தியர். அவர் மூச்சை இழுத்துவிட்டால்கூட மேலே மின்னல் குறி அணைந்து அணைந்து எரிகிறது.

"ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காத பிள்ளைங்க சில பேர் இருப்பாங்க" என்று போனுக்குள்ளிருந்து கேட்டார் தலைமை ஆசிரியை. "தூங்கற நேரத்துலயும் உருண்டுக்கிட்டே இருக்கும். என்ன செய்வீங்க?"

மனைவியின் கண் ஒரு விநாடி கீழே போய்வந்தது.

"ஒண்ணும் செய்ய மாட்டேங்க மேடம். பக்கத்துல உக்காந்திருப்பேன், அவ்வளவுதான். 'தூங்கிட்டியா, தூங்கிட்டியா'ன்னு தட்டித் தட்டிக் கேட்டா எந்தப் பிள்ளைதான் தூங்கும்? பாதிப் பிள்ளைங்க நம்ம அக்கறையாலதான் முழிச்சுக்கிட்டுக் கிடக்குதுங்க."

போனுக்குள் ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது. கதவோரம் நின்ற மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். தரையில் கிடந்தவருக்குச் சிரிக்கவும் வழியில்லை, சினக்கவும் வழியில்லை. சிரித்தால் கை நழுவும்.

"இதைத்தாங்க நான் எதிர்பார்த்தேன்" என்றார் தலைமை ஆசிரியை. "அடுத்த மாசத்துலருந்து வந்துடுங்க. இருங்க, எங்க பள்ளிக்கூடத்தோட நடைமுறையெல்லாம் கொஞ்சம் விளக்கமாச் சொல்லிடறேன்..."

அவர் விளக்கமாகவே சொன்னார். வைத்தியரின் கை மரத்தது, கழுத்து பிடித்துக்கொண்டது, மூக்கருகே ஒரு பழைய செருப்பு தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. மனைவியின் கால் விரல் அவர் தோளை மெல்லத் தொட்டு ஒரு தட்டுத் தட்டியது. அது நன்றியா, எச்சரிக்கையா என்று அவருக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பட்டப்பகல். அவர் கை பட்ட போன் மடக் மடக்கென்று சார்ஜ் குடித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே நடுவில் ஒரு தரம் உங்கள் போனைப் புரட்டி, முதுகைத் தொட்டுப் பார்த்தீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்களா?

சரி, சொல்லுங்கள். சுடுகிறதா?