சுட்டு நட்ட வேலி

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் புகுமுக வகுப்பு வரை படித்து, கொல்லை வேலியைக் கெடுத்தவன்.

நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். மிராசுதாரின் மனையில் குடிசை போட்டு, அவர் வயலில் வேலை செய்த குடும்பம். குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று அரசாங்கம் பட்டா கொடுத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா அதை வாங்கித் தகரப்பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்தார். ஆனால் நம்பவில்லை. கத்திரிச்செடி வைக்கக்கூட மிராசுதாரின் காரியக்காரர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடுவார்.

பண்ணையின் காரியக்காரர் (மேற்பார்வை, காவல், மிரட்டல் மூன்றும் அவர்தான்) எங்கள் தெருவுக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். வேலி போடலாம், வேலி துளிர்க்கக் கூடாது. "மரம் வேர் விட்டா மனுசனும் வேர் விட்டுடுவான்" என்பது அவர் தத்துவம். அதனால் எந்த வேலிக்காலையும் அடியில் ஒரு முழம் தீயில் கருக்கித்தான் ஊன்ற வேண்டும். அதில் கட்டும் தென்னங்கீற்று வருடா வருடம் மட்கும், அம்மா வருடா வருடம் விரல் கிழிய முடைவாள். எட்டு வயதிலிருந்து கால் சுடுவது என் வேலை.

பட்டா வந்ததும் நான் வேலி மந்திரியாகிவிட்டேன். முள்கம்பி? அது மிராசுதார் தோப்புக்கு (வாங்கவும் வழியில்லை). வேலிக்காத்தான்? விட்டால் கொல்லையையே விழுங்கிவிடும். கடைசியில் கல்யாண முருங்கை என்று தீர்ப்புச் சொன்னேன். கிளையைப் போத்தாக வெட்டி ஊன்றினால் தானே தழைக்கும். தழை ஆட்டுக்கு, சருகு மண்ணுக்கு. இதைத்தான் இன்று என் மகள் 'சுற்றுச்சூழலுக்கு உகந்த வேலி' என்கிறாள். அன்று அதற்குப் பெயர் காசில்லாத வேலி.

"வேலி பூக்குமாடா?" என்றாள் அம்மா.

"மாசி மாசம் பாரும்மா. செவசெவன்னு பூக்கும்."

"அப்ப வருசா வருசம் முடைய வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்."

அப்பா மட்டும், "ஒரு குச்சி துளிர் விடட்டும். அப்ப நம்புறேன், இது நம்ம எடமுன்னு," என்றார்.

அவர்கள் இருவரும் நடவுக்குப் போயிருந்த ஒரு நாள், நாற்பது போத்து வெட்டி வந்து, முறைப்படி எல்லாம் செய்து, தனியாளாக ஊன்றி முடித்தேன். சாயங்காலம் திரும்பிய அம்மா வாயில் கைவைத்து நின்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே கனவுதான். தினமும் வாய்க்காலில் குடம் மொண்டு ஊற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிடுவேன். தண்ணீர் நகர்வதே தெரியாமல் நகரும். நட்ட வயலில் மேகம் விழுந்து கிடக்கும். கண்ணை மூடினால் இலை மூன்று மூன்றாக விரியும், சிவப்புப் பூவில் மைனா வந்து உட்காரும், அடியில் அம்மா காலை நீட்டிச் சும்மா இருப்பாள் (அம்மா சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை). கண்ணைத் திறந்தால் நாற்பது குச்சி நிற்கும். மறுபடி மூடிக்கொள்வேன்.

அதோடு விட்டேனா? மேடைப் பேச்சு கேட்டுக் கேட்டு நாக்கு தடித்திருந்த வயசு. காரியக்காரரை வழிமறித்து, "ஐயா, வர்ற மாசம் முதல் வெள்ளிக்கிழமை எங்க கொல்லைக்கு வாங்க. வேலி துளிர்த்திருக்கும், பாருங்க," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

மனுஷன் வந்துவிட்டார். பின்னாலேயே தெருவும் வந்தது. வேலியில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. பட்டை சுருங்கிக் கிடந்தது. மழை பத்தவில்லை என்றேன். (முந்தின நாள்தான் கணுக்கால் முழுகப் பெய்திருந்தது.)

அப்பா வேலியையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாத்தியாடா. மண்ணுக்கு நம்மள அடையாளம் தெரியல," என்றார்.

அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று போய் ஒரு போத்தைப் பிடுங்கினாள். சேற்றைத் துடைத்தால், அடியில் ஒரு முழத்துக்குக் கரி.

"அடப்பாவி! சுட்டுட்டா நட்டே?"

"வேலிக்காலுன்னா... சுடணுமுல்லம்மா?"

தெரு வெடித்துச் சிரித்தது. காரியக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சட்டமே மாறிப் போச்சு, இந்தப் பய மட்டும் என் பேச்சத் தட்டல பாருங்க!" என்றார். விழுந்து சாகலாம் என்று பார்த்தேன். வாய்க்காலில் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது.

அப்பா அந்தப் போத்தை வாங்கிக் கரியைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, காரியக்காரர் எதிரில் தலைகுனிந்தே பழகிய மனிதர், அண்ணாந்து சிரித்தார். "அப்ப மண்ணு மேல தப்பு இல்ல. நம்ம பய மேலதான்!" என்றவர், யார் வீட்டுப் பக்கமும் பார்க்காமல் அரிவாளை எடுத்துக்கொண்டு புதுப்போத்து வெட்டக் கிளம்பிவிட்டார். அவை மூன்று வாரத்தில் துளிர்த்தன. என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை.

என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் அந்த வேலியில் வெட்டியதுதான். ஊன்றுவதற்கு முன் அப்பா அதன் அடியைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "பச்சையா இருக்கு, பாத்துக்குங்க. மாப்பிள்ளை கை படல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் பந்தக்காலும் அடியைக் காட்டாமல் குழிக்குள் இறங்குவதில்லை. என் மகள் கல்யாணத்தில் இதைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தி மெதுவாகக் கேட்டார்: "இது உங்க குலவழக்கமுங்களா?"

"ஆமாங்க," என்றாள் அம்மா, என்னைக் கைகாட்டி. "இவன்லேருந்துதான்."