படுத்துவிட்ட நாற்பது யானைகள்

“…அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, இதுங்களுக்கு எத்தனை மார்க்கு? அத மட்டும் சொல்லுங்க” என்றார் வளர்மதி அக்கா.

சூளையின் கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்பது பீங்கான் யானைகள். முதுகில் பேனா செருகிக்கொள்ளும்படி, நான்கு காலில் கம்பீரமாக நிற்க வேண்டியவை. ஒன்றுகூட நிற்கவில்லை. சில மண்டியிட்டிருந்தன. சில ஒருக்களித்துப் படுத்திருந்தன. இரண்டு மட்டும், பஸ்ஸில் தூங்குகிறவர்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, அப்படியே ஒட்டிப்போயிருந்தன.

“வேப்பூர்லேர்ந்து நடந்தே வந்திருக்கும் போல, பாவம்” என்றார் பின்னால் நின்ற செல்வி. அங்கே பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறவர்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஏனென்றால் அவற்றைப் படுக்கவைத்தவன் நான்.

அப்போது நான் ‘டிஜிட்டல் மதிப்பீட்டாளர்’. சிறிய தொழிற்கூடங்களுக்குப் போய், கணினியும் செல்போனும் அவர்கள் வேலைக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கின்றன என்று நாற்பத்திரண்டு கேள்வி கேட்டு, ஐந்துக்கு மார்க் போடும் வேலை. பெண்ணாடத்தில் செல்போன் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன், வீடியோ பார்த்துப் பார்த்தே இதற்குத் தேறியிருந்தேன். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். (அட்டையைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன். அதுவும் மனைவி சத்தம் போட்டால்.)

விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அக்காவுடையது சின்னக் கூடம்தான். சென்னையில் பரிசுப்பொருள் விற்கும் ஒரு கம்பெனி அவரிடம் இரண்டு கேட்டிருந்தது: மாதிரிக்கு நாற்பது யானை, கூடவே, எங்கள் மதிப்பீட்டில் குறைந்தது மூன்று மார்க். இரண்டும் சரியாக இருந்தால் ஆண்டு முழுக்க ஆர்டர். விளக்கு சீசன் முடிந்து வேலையில்லாமல் வீட்டில் இருந்த ஆறு பெண்களிடம், “ஆர்டரு வந்ததும் கூப்பிடறேன்” என்று அக்கா சொல்லி வைத்திருந்தார். அதில் ஒருத்தி செல்வியின் தங்கை.

நான் கேள்விகளை ஆரம்பித்தேன்.

“சூளை சம்பந்தமான தகவலை எங்க சேமிக்கறீங்க?”

“பாய்கிட்ட.”

“அவர் சாப்ட்வேரா?”

“மங்கலம்பேட்டைக்காரரு” என்றார் அக்கா.

ரஷீத் பாய் குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து சூளையைப் பார்த்துக்கொள்கிறவர். சூளை எரியும் நாளில் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போட்டுக்கொண்டே இருப்பார். அக்கா குழுவைத் திறந்து காட்டினார். முந்தைய சூளைக்கு மட்டும் நாற்பத்து மூன்று பதிவுகள். நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு, ‘ஒழுங்கற்ற தகவல் பரிமாற்றம்’ என்று தட்டினேன். மொத்த மார்க் ஒன்று புள்ளி நான்கு.

“அப்போ எங்க கம்பெனி இன்னும் வேகவே இல்லன்றீங்க” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த ஆறு பேரில் யாருக்கு முதலில் எப்படிச் சொல்வது என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. மதிப்பிட வந்தவன் மதிப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? இல்லை, நான் உலகத்தைத் திருத்தப் பிறந்தவன் ஆயிற்றே! இரண்டே நாளில் எல்லாவற்றையும் மாற்றினேன். பாய் அரை மணிக்கு ஒருமுறை சூட்டைப் போனிலேயே ஒரு படிவத்தில் நிரப்ப வேண்டும். அது தானாக ஓர் அட்டவணையில் ஏறும். குழுவைப் பூட்டி, அட்மின் மட்டுமே பேசலாம் என்று ஆக்கினேன். அட்மின் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

பாய்க்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. “தம்பி, அந்த மீட்டரு இருக்குது பாருங்க…” என்று ஆரம்பிப்பார்.

“வாயில சொல்லாதீங்க பாய். எதுவா இருந்தாலும் ஃபாரத்துல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குது, அதுல போடுங்க.”

மூன்று முறை இப்படிச் சொன்னேன். மனிதர் நான்காவது முறை வாயைத் திறக்கவில்லை. சொன்னபடியே கட்டத்தில் எழுதினார். எழுதினார், எழுதினார், அட்டவணையே ஒரு பக்கமாக வீங்கிப்போகும் அளவுக்கு எழுதினார். சென்னையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அசிங்கமாகத் தெரியுமே என்று அந்தக் குறிப்புப் பத்தியை மறைத்துவிட்டேன். இப்போது அட்டவணை அவ்வளவு அழகு. மார்க் மூன்று புள்ளி இரண்டு.

யானைகள் வெந்தது வெள்ளிக்கிழமை. அக்கா அட்டைப்பெட்டி வாங்கக் கடலூர் போயிருந்தார். மதியம் பாய் தொழுகைக்குக் கிளம்பினார்.

“எல்லாம் குறிப்புல போட்டுட்டேன் தம்பி. படிச்சிட்டீங்கதானே?”

“படிச்சிட்டேன் பாய், நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க.”

(இந்த ஒரு பொய்யை என் வாயிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.)

ஆயிரத்து இருநூறு டிகிரி வந்ததும் அணைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மீட்டர் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது. ஐம்பது. எழுபது. ஒவ்வொன்றையும் பதிவு செய்து, அட்டவணையில் வரைகோடு ஏறுவதை ரசித்தேன். இருநூறைத் தொட்டபோது பாய் உள்ளே நுழைந்தார். சூளையின் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தவர், ஓடிப்போய் கேஸை அணைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “சூடு மிஞ்சி எல்லாம் படுத்துடுச்சு தம்பி” என்றார்.

சூளை ஆறி, மறுநாள் காலையில் திறந்தபோதுதான் அக்கா அந்த மார்க் கேள்வியைக் கேட்டார்.

நான் டேப்லெட்டை எடுத்து, மறைத்த பத்தியைத் திறந்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார் அக்கா. படித்தேன்.

“மீட்டர் அறுபது டிகிரி குறைவாகக் காட்டும். ஆயிரத்து நூற்று நாற்பது வந்ததும் அணைக்கவும்.” அதற்குக் கீழே: “மீட்டரை நம்ப வேண்டாம், சூடு பார்க்க உள்ளே வைத்திருக்கும் மண் கூம்பு வளைகிறதா என்று பார்க்கவும்.” அதற்கும் கீழே: “தம்பி, படிக்கிறீர்களா?”

“மீட்டரு பொய் சொல்றது இங்க டீ கொண்டாறவருக்கே தெரியுமே. எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்” என்றார் செல்வி. கிண்டலாக ஆரம்பித்தவர், முடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“சென்னைக்கு நானே போன் பண்ணி என் தப்புன்னு சொல்லிடறேன் அக்கா.”

“வேணாம். நீங்க பேசுனா அவங்களுக்கும் ஒரு ஃபாரம் அனுப்பி வப்பீங்க.”

அக்காவே வீடியோவில் கூப்பிட்டார். மறைக்கவில்லை, படுத்திருந்த யானைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். “என் சூளை மேடம், என் தப்பு. பத்து நாள் குடுங்க, நிக்க வச்சிக் காட்டறேன்” என்றார். அந்தக் கம்பெனி அம்மாள் பத்து நாள் கொடுத்தார். மதிப்பெண்ணையும் சரியாகப் போட்டு அனுப்பச் சொன்னார்.

அன்று மண் மூட்டைமேல் உட்கார்ந்து அந்த நாற்பத்து மூன்று பதிவுகளையும் கேட்டேன். சூடு, காற்று, மழை ஈரம், எந்த அடுக்கில் எத்தனை விரிசல், யார் வரவில்லை, ஏன் வரவில்லை… நான் இரண்டு நாள் கஷ்டப்பட்டுக் கட்டிய அட்டவணையில் இல்லாதது எல்லாம் இருந்தது. தேதியோடு, நேரத்தோடு. நான் தேடி வந்த பதிவேடு பேசிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் அதன் வாயை மூடியிருக்கிறேன்.

மறுபடி மார்க் போட்டேன். நியாயமாகப் போட்டால் இரண்டு புள்ளி எட்டுதான் வந்தது. மூன்றாக்கிவிடட்டுமா என்று அக்காவைக் கேட்டேன்.

“ஏற்கெனவே ஒரு மீட்டரு பொய் சொல்லுது. இன்னொன்னு எதுக்கு?” என்றார்.

இரண்டு புள்ளி எட்டையே அனுப்பினேன். கூடவே குறிப்புக் கட்டத்தில், பாயின் பதிவுகளைப் பற்றி இரண்டு பக்கம். பத்தாம் நாள் நாற்பது யானைகள் நின்றபடி சென்னைக்குப் போயின. வந்தது பாதி ஆர்டர். ஆறு பேரில் மூன்று பேரைத்தான் அக்காவால் கூப்பிட முடிந்தது. செல்வியின் தங்கை அதில் இல்லை. மறு ஆண்டுதான் வந்தாள்.

என் வீட்டில் இன்றும், நான் எதற்காவது தலையாட்டினால் மனைவி கேட்பாள்: “குறிப்பு படிச்சிட்டு ஆட்டறியா, சும்மா ஆட்டறியா?” பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்த இரண்டு புள்ளி எட்டை அனுப்பிவிட்டு நான் பையை மாட்டிக்கொண்டபோது, அக்கா என் போனைக் கேட்டு வாங்கினார். குழுவின் பூட்டைத் திறந்தார். பாயை அட்மின் ஆக்கினார். என் பெயரை அட்மினிலிருந்து எடுத்தார். அடுத்து என்னையே குழுவிலிருந்து தூக்கிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, “பாய், தம்பியும் கேக்கறாரு, பேசுங்க” என்று சூளைப் பக்கம் குரல் கொடுத்துக்கொண்டே யானை வார்க்க உட்கார்ந்துவிட்டார்.