வெள்ளிக்கிழமை ஊசி

மலாயா சுதந்திரம் பெற்றதில் காஜா பேராங் மாதர் சங்கத்தின் ஊசித் தேர்வுக் குழுவுக்கு இருந்த பங்கை வரலாற்று ஆசிரியர்கள் வேண்டுமென்றே மறைத்துவருகிறார்கள். ஐம்பத்தேழாம் ஆண்டு ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி விழா மேடையில் தொங்கவிடுவதற்காக, வீட்டுக்கு வீடு துணித்துண்டு வாங்கி, நடுவே பஞ்சு வைத்து, மாபெரும் போர்வை ஒன்று தைப்பதெனச் சங்கம் முடிவெடுத்தது. முடிவெடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். தைத்தவள் ருக்மணி.

அவளுக்கும் இதில் ஒரு சுயநலம் இருந்தது. தமிழ்ப் பள்ளியில் தையல் ஆசிரியை வேலை காலி. "போர்வையைப் பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றிருந்தார் தலைமையாசிரியர் தெய்வநாயகம்.

ஜூலையில் ஊசி மழுங்கியது. நூலோடு துணியையும் சேர்த்து இழுத்தது. குண்டூசிகள் கடற்காற்றில் துருவேறி, வெள்ளைத் துண்டுகளுக்குப் பழுப்புப் பொட்டு வைத்தன. ருக்மணி முறைப்படி விண்ணப்பித்தாள். முறைப்படி குழு அமைந்தது.

"எந்த ஊசி வேணும்?" என்றார் தலைவி சிவகாமசுந்தரி, தலைமைக் குமாஸ்தாவின் மனைவி.

"குட்டையா, மெல்லிசா இருந்தா போதும்மா. மூணு அடுக்கையும் சேத்துக் குத்தணும்."

"நாட்டுக்கே சுதந்திரம் வருது, நீ குட்டை ஊசி கேக்கிறியே!"

இரண்டு வார ஆராய்ச்சிக்குப் பின், 'கம்பீரம்' கருதி, கோணி தைக்கும் ஊசியைக் குழு பரிந்துரைத்தது. அது போட்ட ஓட்டையில் விரலே நுழைந்தது. மூன்றாம் வாரம் குழு பெருந்தன்மையோடு குட்டை ஊசிக்கு இறங்கி வந்தது. ஊசிப் பொட்டலமும் குண்டூசிப் பெட்டியும் தாம்பாளத்தில் ஏறின, குங்குமமும் பெற்றன.

தாம்பாளத்தை நீட்டப்போன செயலாளர் விஜயா திடுக்கிட்டாள். "அக்கா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே!"

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஊசியை வெளியே கொடுத்தால் லட்சுமியும் கூடவே கிளம்பிவிடுவாள். கூட்டம் நடப்பதோ தலைவி வீட்டில். சங்கப் பொருளைக் கூட்டத்தில்தான் வழங்க வேண்டும் என்பது விதி. கூட்டம் கூடுவது வெள்ளிக்கிழமை மட்டும். லட்சுமியையும் விதியையும் ஒருசேரக் காத்த அந்த நிர்வாகத் திறமையை என்னவென்று புகழ்வது! ஊசி அலமாரிக்குத் திரும்பியது. அடுத்த வெள்ளியும் வெளியே வந்து, மரியாதை பெற்று, உள்ளே போனது.

"நானே ஒண்ணு வாங்கிக்கட்டுமாம்மா?"

"சங்கப் போர்வையில தனியார் ஊசியா?"

சோறு வடிக்கும்போது ருக்மணி நன்றாகவே பேசுவாள். 'கிழமையை மாத்துங்கம்மா!' என்று அடுப்பை அதட்டுவாள். தலைவியின் முகத்தைப் பார்த்ததும் அது 'சரிங்கம்மா' ஆகிவிடும். தான் பயந்தவளா, மரியாதை தெரிந்தவளா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இரண்டும் ஒரே மாதிரித்தான் தலையாட்டின.

ஆகஸ்டு முப்பது. அதுவும் வெள்ளி.

"இன்னும் ரெண்டு முழம் கிடக்கும்மா."

"அடுத்த வெள்ளி பாத்துக்கலாம்."

"நாளைக்குத்தாம்மா சுதந்திரம்!"

தலைமுறை தலைமுறையாக மலாயே பேசும் கம்போங் செட்டியிலிருந்து வரும் உறுப்பினர் மீனாச்சிக்குத் தமிழ் தெரியாது; இத்தனை நாளும் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தவர். அன்று விஜயாவிடம் மலாயில் விவரம் கேட்டார். கேட்டுவிட்டு, "ஜாரும் பூன் தாவு ஹாரி கா?" என்றார். ஊசிக்குமா கிழமை தெரியும்?

ருக்மணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயில் 'சரிங்கம்மா' வரவில்லை. எழுந்துபோய்ப் பொட்டலத்தையும் பெட்டியையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஐயையோ! லட்சுமி போறாளே!" என்றார் தலைவி.

"என் வீட்டுக்குத்தாம்மா வர்றா. நாளைக்குச் சாயந்திரம் மேடைக்குக் கூட்டியாந்துடறேன்."

துருக்கறையை எலுமிச்சையும் உப்பும் தேய்த்து எடுத்து, மிச்சத்தைத் தைத்து முடித்தாள். சனிக்கிழமை மாலை போர்வை மேடையில் தொங்கியது. அதன் முன் நின்று, சங்கத்தின் 'கட்டுப்பாடு' குறித்துத் தலைவி முக்கால் மணி நேரம் பேசினார். தெய்வநாயகம் மட்டும் பின்பக்கம் போய்த் தையலைத் தடவிப் பார்த்தார். "திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்துடும்மா" என்றார்.

அடுத்த வெள்ளி, சுதந்திர நாட்டில் சங்கத்தின் முதல் கூட்டம். முதல் தீர்மானம்: ஊசி எடுத்த ருக்மணியை வன்மையாகக் கண்டிப்பது. மீனாச்சி நீங்கலாக எல்லாரும் கை உயர்த்தினார்கள். ருக்மணி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மோதிரம் இருந்தது, மருதாணி இருந்தது. ஊசி குத்திய தழும்பு ஒன்றில்கூட இல்லை.