பொழுது நயினாரின் சாப்பாட்டு நேரம்

செஞ்சியில் சூரியன் எப்போது மறைகிறது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் நான் வேலை பார்த்த வேர்க்கடலைச் சங்கத்தின் தலைமை எழுத்தர். மேல்சித்தாமூர்ச் சமணர், பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார். சமணரை நயினார் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்; அதனால் ஊருக்கு அவர் பொழுது நயினார்.

எங்கள் ஊரில் பொழுது சாய்வது லேசான விஷயமில்லை. சூரியன் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் போவது ஒரு நேரம், நிஜமாகவே மறைவது இன்னொரு நேரம். மழைக்காலத்தில் சூரியனே தெரியாது. அப்போது பியூன் முனுசாமியை மொட்டைமாடிக்கு அனுப்புவார்.

"இருக்குதா பாருய்யா."

"இருக்கிற மாதிரி இருக்குது சார்."

"மாதிரியெல்லாம் எனக்கு வேணாம்" என்று அன்று பட்டினி கிடப்பார்.

எறும்பு விஷயம் தனி. காகிதக் கட்டின்மேல் எறும்பு ஏறிவிட்டால், அது தானாக இறங்கும்வரை கட்டைத் தொடமாட்டார்.

"இன்னா நயினாரே, பில்லு ரெடியா?" என்று செயலாளர் உள்ளிருந்து கத்துவார்.

"மேல ஆள் இருக்குது சார். போனதும் தரேன்."

அறுவடைக் காலத்தில் மூட்டை வண்டிகள் வரிசை கட்டும். விளக்கு வைத்த பிறகும் வேலை ஓடும். இடையில் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது செயலாளரின் சட்டம். நயினாருக்கு மட்டும் சாயங்காலம் போய்ச் சாப்பிட்டுவர அனுமதி உண்டு.

எனக்கோ கைக்குழந்தை. வேறு பால் கொடுத்தால் கக்கிவிடுவான். சாயங்காலமானால் அவன் அழுவது காதிலேயே இருக்கும், கூட்டல் தப்பும். "அழுதழுது தொண்ட கட்டிக்கிச்சு. வேலைய விட்டுடு" என்று மாமியார் சொல்ல ஆரம்பித்திருந்தார். என் சம்பளம் இல்லாமல் வீடு நடக்காது. கேட்கலாமா, கேட்டால் திமிர் என்பார்களா என்று பல நாள் தயங்கிவிட்டுச் செயலாளர் முன் போய் நின்றேன்.

"நயினார் சார் போற நேரத்துல நானும் போயி புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்துடறேன் சார்."

"அது மதம்மா. இது வீட்டு வேலை. ரெண்டும் ஒண்ணாயிடுமா?"

பின்னால் நின்ற முனுசாமி இதுதான் சமயம் என்று, "சார், எங்க ஐயனாருகூட அந்த நேரத்துல டீ குடிச்சிட்டு வரச் சொல்லியிருக்காரு" என்றார்.

செயலாளர் மேசையில் அடித்தார். "இனிமே யாருக்கும் கிடையாது! நயினாருக்கும் கிடையாது! எல்லாரும் சமம்!"

சமத்துவம் இப்படியும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் நயினார் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. முகத்தில் கோபமும் இல்லை. வயிறுதான் கடமுடவென்று, வாசல்வரை கேட்கும்படி. வண்டிக்காரர்கள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள்.

"நயினார பட்டினி போட்ட பாவம் நம்ம மூட்ட மேல வந்துடப் போவுதுடா."

"திண்டிவனத்து மண்டிக்கே ஓட்டிக்கினு போயிடலாமா?"

இது செயலாளர் காதில் விழுந்தது. வேகமாக வெளியே வந்தார். "நயினாரே, நீங்க மட்டும் போயி சாப்ட்டு வாங்க."

நயினார் எழவில்லை. "அந்தப் பொண்ணு?"

"அதான் சொன்னேனே, உங்களுது மதம்."

"பசி ஒண்ணுதான் சார். எனக்கு வந்தா மதம், கொழந்தைக்கு வந்தா வீட்டு வேலையா? அந்தப் பொண்ணும் போவட்டும். இல்லன்னா நான் இங்கயே குந்திக்கினு இருக்கறேன்."

செயலாளர் வண்டிகளைப் பார்த்தார். ஒரு வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். "சரி, ரெண்டு பேரும் போங்க! முனுசாமி, நீ மட்டும் வாயத் தொறந்த..."

முனுசாமிக்கு ஐயனார் கடைசிவரை உதவவில்லை.

அதன்பின் தினமும் ஒன்றாகக் கிளம்புவோம். நான் ஓடுவேன், அவர் தரையைப் பார்த்துப் பார்த்து அடி வைப்பார்.

அடுத்த அறுவடைக்குள் பையன் சோறு தின்ன ஆரம்பித்துவிட்டான். இனி நான் போவது நியாயமில்லையோ என்று நயினாரிடமே கேட்டேன். பொய்யே பேசாத மனிதர். பேனாவைக் கீழே வைத்தார்.

"செகரட்டரி கேட்டா நெசத்தச் சொல்லிடு. கேக்காத வரைக்கும், போயி புள்ள மூஞ்சியப் பாத்துட்டு வா."

செயலாளர் கேட்கவில்லை. நயினாரும் எதுவும் கேட்கமாட்டார். நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும், என் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்வார்.